பார்வை போகும் பாதை: குழந்தைகளின் வலிப்பு அறுவையும் மூளைப் படங்களும்

வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை உண்டு என்பதே இந்த அரங்கில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, அடங்கியதும் மந்திரிக்க அழைத்துப் போவது, பிறகு மாத்திரை, அந்த மாத்திரையைப் பல ஆண்டு விழுங்குவது என்று நம் வீடுகளில் இது ஒரு தனி வழியில் போய்க்கொண்டிருக்கிறது. சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை. மாத்திரையால் பெரும்பாலானோருக்குப் பயன் உண்டு. மாத்திரை கைவிட்ட குழந்தைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த அறுவை நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. 1886 மே மாதம் லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி, சிறுவயதில் மண்டை உடைந்து அந்தத் தழும்பால் வலிப்புக்கு ஆளான 22 வயது இளைஞர் ஒருவருக்குத் தழும்பை வெட்டி எடுத்தார். நம் பக்கத்துக் கதையும் பழையதுதான். கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் அங்கேயே வலிப்புக்கு அறுவை செய்துவிட்டார். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் இன்றைக்கும் இதைச் சொன்னால் ‘மூளையில் கத்தியா?’ என்று எழுந்து போகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் நியாயமான பகுதி எது, வீணான பகுதி எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் யாருக்கு இது தேவை? கிளாஸ்கோவில் குவான், பிராடி இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கணக்கைத் தந்தது. அதுவரை மருந்தே எடுக்காத நோயாளிகளில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதம். அதற்குப் பிறகு மாற்றி மாற்றிக் கொடுத்ததில் நின்றது வெறும் 4 சதவீதம். ஆகவே பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், மூன்றாவதும் நான்காவதும் அதிசயம் செய்யும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் இதையே வரையறையாக எழுதி வைத்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தக் கணக்கில் வருகிறார்.

அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அறுவை என்ன செய்யும் என்பதற்கு உலகத்தரமான சான்று நம் நாட்டிலிருந்தே வந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறுவையும் மறு பகுதிக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்து, 2017-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பே இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம்.

இந்த எழுபத்தேழையும் ஏழையும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: அறுவை செய்த குழந்தைகளில் 33 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்புகள் வந்தன. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் வலுவிழந்தது. மூளையின் எந்தப் பகுதியைப் பிரித்தால் அது வரும் என்று அறுவை நிபுணர்களுக்கு முன்பே தெரியும், பெற்றோருக்கும் சொல்லப்பட்டிருக்கும். கை கால் பலவீனம் கண்ணுக்குத் தெரிகிற விலை. பார்வை அப்படி அல்ல. அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நான் ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்கிறவன், கத்தி பிடிக்கிறவன் அல்ல. ஆகையால் படத்தின் வழியாகவே விஷயத்துக்கு வருகிறேன்.

கண் பார்க்கிறது என்று சொல்கிறோம். பார்ப்பது பிடரிக்குப் பக்கத்தில் இருக்கும் மூளைப் புறணி. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் நடுவழியில் பாதி பாதியாக இடம் மாறிக்கொள்கின்றன. வலப்பக்க உலகம் முழுவதும், இரண்டு கண்களிலிருந்தும், மூளையின் இடப்பக்கத்துக்குப் போகிறது. இடப்பக்க உலகம் வலப்பக்கத்துக்கு. தலாமஸ் என்ற நடு நிலையத்தில் ஒருமுறை இறங்கி, அங்கிருந்து புதிய இழைகள் கிளம்பிப் பிடரிப் புறணிக்குப் போகின்றன. இந்தக் கடைசிக் கட்டத்தை மருத்துவர்கள் ‘ஆப்டிக் ரேடியேஷன்’ என்பார்கள். நான் பார்வைக் கற்றை என்றே சொல்கிறேன்.

இந்தக் கற்றை நேராகப் பின்னால் போயிருந்தால் இன்றைய சொற்பொழிவுக்கே வேலை இருந்திருக்காது. அதன் கீழ்ப்பகுதி இழைகள் பின்னால் போக வேண்டியவை, முதலில் முன்னால் போகின்றன. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்போரல் மடலுக்குள் நீளமான நீர் அறை ஒன்று உண்டு. அதன் முன்முனையைச் சுற்றிக்கொண்டு வளைந்து, அதன்பிறகே பிடரியை நோக்கித் திரும்புகின்றன. 1907-இல் இதை விவரித்தவர் அடால்ஃப் மேயர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பேர்பெற்ற மனநல மருத்துவர். அவர் பெயராலேயே இது மேயர் வளைவு. மனநல மருத்துவர் ஒருவரின் பெயர் பார்வைப் பாதைக்கு எப்படி வந்தது என்று மாணவர்கள் வியப்பதுண்டு. அந்தக் காலத்தில் மனநல மருத்துவர்களே மூளையை அறுத்துப் படித்தார்கள்.

இந்த வளைவில் ஓடுவது மேற்புற உலகத்தின் காட்சி. இடப்பக்க மடலில் இது அறுபட்டால் வலப்பக்க மேல் மூலை, இரண்டு கண்ணிலும், ஆப்பு வடிவில் போய்விடும். இதை முதலில் பெரிய அளவில் அளந்து காட்டியவர் ஹார்வி குஷிங். மடலில் கட்டி இருந்த நோயாளிகளின் பார்வைப் புலங்களை வரைந்து 1922-இல் வெளியிட்டார். அதற்கும் முன்னால் ஜப்பானியக் கண் மருத்துவர் இனோவே தாத்சுஜி, 1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்த சிப்பாய்களின் ஓய்வூதியத்துக்காகப் பார்வை இழப்பைக் கணக்கிடும் வேலையைச் செய்தார். குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் வைத்து, மூளையில் எந்த இடம் உலகின் எந்த மூலையைப் பார்க்கிறது என்று 1909-இல் எழுதினார். பார்வைப் பாதையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இப்படி அடிபட்டவர்களின் மூளையிலிருந்து வந்தது. அடிபடாத மூளையில், அறுப்பதற்கு முன்னாலேயே பாதையைப் பார்ப்பது என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் வசதி.

இப்போது ஓர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டெம்போரல் மடலின் முன்நுனியிலிருந்து மேயர் வளைவின் முன்விளிம்பு எவ்வளவு தூரம்? எபலிங், ராய்லன் இருவரும் பதப்படுத்திய மூளைகளைப் பிரித்து 1988-இல் அளந்து சொன்னது 22 முதல் 37 மில்லிமீட்டர், சராசரி 27. இதே மடலில் வலிப்புக்காகச் செய்யும் வழக்கமான அறுவையில், பேச்சு மையம் இருக்கும் பக்கம் என்றால் நுனியிலிருந்து சுமார் நாலரை சென்டிமீட்டர், மறுபக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள். கணக்கு உடனே புரியும். வளைவு பலருக்குக் கத்தியின் வழியிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் சராசரியை நம்பி வெட்டுவது யாரோ ஒருவருடைய மூளையை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொருவருக்கு அறுவை செய்வதற்குச் சமம்.

இதன் விளைவு ஏட்டில் இருக்கிறது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே சாமுவேல் வீப் குழுவினர் பெரியவர்களிடம் நடத்திய குலுக்கல் முறை ஆய்வு 2001-இல் வந்தது. ஓராண்டில், நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8. வலிப்பு மருத்துவத்தில் இது ஒரு மைல்கல். அதே கட்டுரை, அறுவைப் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு மேல்மூலைப் பார்வையில் குறை வந்ததையும், அது அறிகுறி இல்லாத, எதிர்பார்த்த குறைதான் என்பதையும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோகிறது.

அந்த ஒரு வரியில் எனக்குச் சண்டை உண்டு. அறிகுறி இல்லை என்றால் என்ன பொருள்? நோயாளி வந்து புகார் சொல்லவில்லை என்று பொருள். மூளை இழந்த பார்வை கறுப்பாகத் தெரியாது. அந்த இடத்தில் திரை விழுந்தாற்போல இருக்காது. அங்கே ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்பதும் தெரியாது, அவ்வளவுதான். பெரியவர்களே கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்றால் ஏழு வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? தனக்குத் தெரிவதுதான் உலகம் என்று நினைத்துக்கொள்ளும்.

மேல்மூலை மட்டும் போன குழந்தை பெரும்பாலும் சமாளித்துவிடும். உயரமாக வரும் பந்தைத் தவறவிடும், கரும்பலகையின் மேல்மூலையில் எழுதியதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டு வரும். கீழ்மூலை போனால் படிக்கட்டிலும் நடைபாதை விளிம்பிலும் தடுக்கும். பாதி உலகமே போய்விட்டால் கதை வேறு. வலப்பாதி போன குழந்தைக்கு வாசிப்பது பெரும்பாடு. தமிழும் இடமிருந்து வலமாக ஓடும் எழுத்து. அடுத்து வரும் சொல் எப்போதும் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. கண் குருட்டாம்போக்கில் தாவித் தாவிப் போக வேண்டும். நீளமான சொற்களின் பின்பாதி, விகுதியும் வேற்றுமையும் இருக்கிற பாதி, கழன்று போய்விடும். இந்தக் குழந்தையைக் ‘கவனம் இல்லாதது’ என்றும் ‘அறுவைக்குப் பிறகு மந்தமாகிவிட்டது’ என்றும் சொல்லிவிடுகிறோம். இங்கே ஆசிரியர்கள் இருப்பதால் ஒரு விஷயம்: வலப்பாதி தெரியாத பிள்ளையை வகுப்பின் வலது ஓரத்தில் உட்கார வையுங்கள். பலகையும் நீங்களும் அதன் இடப்பக்கம், தெரிகிற பக்கம் வந்துவிடுவீர்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தக் கற்றை தெரியுமா என்றால், தெரியாது. மூளையின் வெள்ளைப்பொருள் முழுவதும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். எந்த இழை பார்வைக்கு, எந்த இழை பேச்சுக்கு, எந்த இழை கைக்கு என்று அதில் எழுதியிருக்காது. இந்த முடிச்சை அவிழ்த்தது தண்ணீர். மூளைத் திசுவில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. கோரைப்பாயில் சிந்திய தண்ணீர் கோரையின் வாக்கில் நீளமாக ஓடுகிற மாதிரி, நரம்பிழைகளுக்கு நடுவே இருக்கும் நீரும் இழையின் வாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே நகரத் தடைப்படும். எண்பதுகளின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர் டெனி லெ பியான் இந்த நீர் நகர்வை எம்.ஆர்.ஐ.யில் படமாக்கிக் காட்டினார். 1994-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் பாஸர், மத்தியெல்லோ, லெ பியான் மூவரும், ஒவ்வொரு புள்ளியிலும் நீர் எந்தத் திசையில் அதிகம் நகர்கிறது என்று கணக்கிடும் முறையைக் கொடுத்தார்கள். ஒரு புள்ளியின் திசையை அடுத்த புள்ளியின் திசையோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கோடு வரும். அந்தக் கோடுகளின் தொகுப்புதான் டிராக்டோகிராஃபி. தொண்ணூறுகளின் இறுதியில் உயிருள்ள மனித மூளையின் இழைப்பாதைகள் கணினித் திரையில் வண்ண வண்ணமாகத் தெரியத் தொடங்கின.

பெற்றோர் பார்க்கும் படங்களிலேயே கண்ணைக் கவர்வது இதுதான். அதனாலேயே எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திரையில் தெரியும் வண்ண நூல் ஒரு நரம்பின் புகைப்படம் அல்ல, கணக்குப் போட்டு வரைந்த கோடு. படத்தின் ஒரு புள்ளி சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம். அதற்குள் பல்லாயிரம் இழைகள் அடங்கியிருக்கும். ஒன்றின் குறுக்கே ஒன்று போகும் இடத்தில் பழைய கணக்குமுறை தடுமாறிவிடும். மேயர் வளைவு அந்த முறைக்குப் பிடிக்காத இரண்டையும் வைத்திருக்கிறது: திடீரென்று திரும்புகிறது, வேறு கற்றைகளோடு நெருக்கிக்கொண்டு போகிறது. எளிய முறையில் வரைந்தால் வளைவின் முன்முனை குட்டையாகத் தெரியும். ‘இங்கே ஒன்றும் இல்லை, வெட்டலாம்’ என்று படம் பொய் சொல்லும். ஒரு புள்ளிக்குள் பல திசைகள் இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளும் புதிய கணக்குமுறைகளும், ஒரே கோட்டுக்குப் பதிலாக எந்தப் பாதைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் முறைகளும் வந்த பிறகுதான் மேயர் வளைவு நம்பும்படி தெரிகிறது. படத்தை யார் எடுத்தார்கள் என்பதைவிட யார் கணக்கிட்டார்கள், எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பது பெரிது. எங்கள் துறைக்காரர்கள் இதை வெளியே சொல்வது குறைவு.

குழந்தையை ஸ்கேனில் படுக்க வைப்பது தனிக் கலை. இந்தப் படம் எடுக்கும்போது இயந்திரம் பொரிந்து தள்ளுவது போலச் சத்தம் போடும், மேசையே அதிரும். தலை இரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கெட்டுவிடும். அதனால் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து. கொஞ்சம் பெரிய குழந்தை என்றால், முதல் நாளே ஸ்கேன் இயந்திரம் போன்ற பொய்க்குகை ஒன்றில் படுக்க வைத்து, சத்தத்தைக் கேட்கவிட்டு, காதடைப்பான் போட்டுப் பழக்கினால் மயக்கம் இல்லாமலே எடுத்துவிடலாம். இப்படிப் பொறுமையாகச் செய்கிற மருத்துவமனையை மதியுங்கள். இரண்டு வயதுக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இழைகளைச் சுற்றிய மயலின் உறை அப்போது முழுமையாக உருவாகியிருக்காது. பெரியவர்களின் கணக்கை அப்படியே போட்டால் தவறு வரும்.

இந்த வரைபடம் அறுவை அரங்குக்குள் எப்படி வருகிறது? நேவிகேஷன் கருவி என்று ஒன்று உண்டு. குழந்தையின் தலை அசையாமல் பொருத்தப்பட்டு, பக்கத்தில் சிறு அடையாளக் குண்டுகள் மாட்டிய சட்டம் ஒன்று நிற்கும். கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூக்கு, நெற்றி, காது என்று முகத்தின் மேடு பள்ளங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, மேசையில் இருக்கும் தலையையும் கணினியில் இருக்கும் தலையையும் ஒன்றாக்குவார்கள். பிறகு நிபுணர் கையிலிருக்கும் கோலை மூளையில் எங்கே வைத்தாலும் திரையில் அந்த இடம் தெரியும். பார்வைக் கற்றையின் விளிம்பை நுண்ணோக்கிக்குள்ளேயே வண்ணக் கோடாகக் காட்டவும் முடியும். நிபுணர் தலையைத் திருப்பாமலே, திசுவின் மேல் அந்தக் கோடு படிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார்.

இங்கே ஒரு தொல்லை. மண்டையைத் திறந்து, உள்ளிருக்கும் நீர் வடிந்ததும் மூளை அமிழ்ந்துவிடும். இடத்துக்கு இடம் சில மில்லிமீட்டர், சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். காலையில் எடுத்த வரைபடம் மதியம் பொருந்தாது. அறுவை அரங்குக்கு உள்ளேயே எம்.ஆர்.ஐ. வைத்து நடுவில் மீண்டும் படம் எடுப்பது இதற்கு ஒரு தீர்வு, விலை உயர்ந்த தீர்வு. இதையெல்லாம் செய்து பார்த்ததில் பயன் இருந்ததா? லண்டன் குவீன் ஸ்கொயரில் கவின் வின்ஸ்டன், ஜான் டங்கன் குழுவினர் 2014-இல் விடை தந்தார்கள். கற்றையின் படத்தைத் திரையிலும் நுண்ணோக்கியிலும் காட்டி 21 பேருக்கு அறுவை செய்தார்கள். முன்பு இந்த வசதியில்லாமல் அறுவை நடந்த 44 பேரோடு ஒப்பிட்டார்கள். முன்பு, எதிர்ப்பக்க மேல் கால்பகுதியில் நடு மதிப்பாக 24 சதவீதம் பார்வை போயிருந்தது. இப்போது 14.5. பிரிட்டனில் கார் ஓட்ட உரிமம் வாங்குவதற்கான பார்வை அளவில் முன்பு 13 சதவீதம் பேர் தோற்றார்கள். இப்போது ஒருவர்கூட இல்லை. வலிப்பு நிற்பதில் எந்தக் குறைவும் வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: மூளை அமிழ்ந்ததைத் திருத்திப் பார்த்தவர்களுக்கும் திருத்தாமல் பார்த்தவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. இருபத்தொரு பேரை வைத்து அறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பாதை எங்கே இருக்கிறது என்று நிபுணருக்குத் தெரிந்திருப்பதே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். கோடிக்கணக்கில் செலவாகும் அரங்கு இல்லாத மருத்துவமனைகளுக்கு இது நல்ல செய்தி.

இவை பெரியவர்களின் கணக்கு. குழந்தைகளுக்கு இதை அப்படியே எடுத்துவைக்க முடியாது. பெரியவர்களுக்கு வலிப்பின் ஊற்றுக்கண் பெரும்பாலும் டெம்போரல் மடலின் உள்பக்கத்தில் தழும்பேறிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. குழந்தைகளுக்கோ கருவிலேயே தவறாக அமைந்த புறணி, மெதுவாக வளரும் கட்டி, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய், பிறப்பை ஒட்டி வந்த பக்கவாதம் என்று பலவகை. அவை பின்பக்கத்திலும், பிடரி மடலிலும், மூளையின் ஒரு பாதி முழுவதிலுமே இருக்கலாம். கட்டி கற்றையைத் தள்ளி வைத்திருக்கும். தவறாக அமைந்த புறணிக்கு அடியில் கற்றையே இடம் மாறி ஓடும். பாடப்புத்தகப் படம் எந்த வகையிலும் உதவாத இடம் இது. ஆகவே அந்தந்தக் குழந்தையின் வரைபடம் பெரியவர்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட அதிகமாகக் குழந்தைகளுக்கு வேண்டும். லண்டனில் 1852-இல் தொடங்கிய கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையும் அதையொட்டிய பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வகமும் குழந்தைகளின் பார்வைக் கற்றையை நம்பும்படி வரைவதில் தொடர்ந்து உழைத்து வருகின்றன.

வரைபடம் இருந்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சில குழந்தைகளுக்கு ஊற்றுக்கண்ணும் பார்வைக் கற்றையும் ஒரே இடத்தில் இருக்கும். கற்றையைக் காப்பாற்ற நோய்த்திசுவை விட்டுவைத்தால், மண்டையைத் திறந்ததும் வீண், வலிப்பும் நிற்காது. இதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. மூளையின் ஒரு பாதியையே துண்டிக்கும் அறுவையில் எதிர்ப்பக்கப் பாதிப் பார்வை போகும் என்பது நிச்சயம், எந்தப் படமும் அதைத் தடுக்காது. நாளுக்கு ஐம்பது முறை விழுந்து, கற்றது எல்லாம் மறந்துகொண்டே வரும் குழந்தைக்கு அந்த விலை கொடுக்கத் தக்கதே. அதைப் பெற்றோர் அறிந்து கொடுக்க வேண்டும், அறியாமல் இழக்கக் கூடாது. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பிறவிப் பக்கவாதத்தால் பாதிப் பார்வை ஏற்கெனவே போயிருக்கும் குழந்தை என்றால், அந்தப் பக்கத்தில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. நிபுணர் தயங்காமல் முழுமையாகச் செய்யலாம். அது தெரியாமல் அரைகுறையாக நிறுத்தினால் குழந்தைக்கு நஷ்டம்.

எனவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: அறுவைக்கு முன்னால் இந்தக் குழந்தைக்கு எவ்வளவு பார்வைப் புலம் இருந்தது? வியப்பு என்னவென்றால், மூளைக்கு ஐந்து வகை ஸ்கேன் எடுத்த கோப்பில் இந்த ஒன்று பல சமயம் இருக்காது. கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் ஒளி தெரியும்போது பொத்தானை அழுத்தும் சோதனையை ஏழு, எட்டு வயதுக்கு மேல் பல குழந்தைகள் செய்துவிடும். இன்னும் சின்னது என்றால், ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்வையைப் பிடித்து வைத்துக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து ஓசையில்லாத பொம்மையை ஒவ்வொரு மூலையிலிருந்தும் மெல்லக் கொண்டுவருவார். குழந்தை எந்த மூலையில் திரும்புகிறது, எந்த மூலையில் திரும்பவில்லை என்று குறித்துக்கொண்டால் போதும். இதற்கு இயந்திரமே தேவையில்லை. ஒத்துழைக்கவே முடியாத குழந்தைக்கு விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓ.சி.டி. படம் ஓரளவு உதவும். மூளையில் கற்றை அறுபட்டு நாளானால் அதற்கு உரிய விழித்திரை அணுக்களும் பின்னோக்கி மெலிந்துவிடுகின்றன. அந்த மெலிவு படத்தில் தெரியும்.

முன்னால் ஏன் சோதிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம். குழந்தைப் பருவ வலிப்புக்குக் கொடுக்கும் விகாபட்ரின் என்ற மருந்து சிலருக்குப் பார்வையின் ஓரங்களைச் சுற்றிலும் நிரந்தரமாகச் சுருக்கிவிடும் என்று 1997-இல் தெரியவந்தது. மருந்து புழக்கத்துக்கு வந்து பல ஆண்டு ஆன பிறகே தெரிந்தது, காரணம் யாரும் அளக்கவில்லை. அது சில குழந்தைகளுக்கு உயிர் காக்கும் மருந்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மருந்து எடுத்தது எவ்வளவு, கத்தி எடுத்தது எவ்வளவு என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாத நிலை வரக்கூடாது.

பெற்றோருக்குச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு மருந்துகள் தோற்றுவிட்டன என்றால், அறுவைக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் மையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் ஆண்டுகளைக் கடத்தாதீர்கள், வலிப்பும் மூளையை விட்டுவைப்பதில்லை. அறுவை என்று முடிவானால் மூன்று கேள்வி கேளுங்கள். பார்வைப் புலத்தைச் சோதித்தாகிவிட்டதா? பார்வைக் கற்றை எங்கே ஓடுகிறது என்று படத்தில் காட்ட முடியுமா? எந்த மூலை போகலாம், எந்த மூலை நிச்சயம் போகும்? கேட்கிறவர்களைத் தொந்தரவு என்று நினைக்கும் மருத்துவர் ஒருவர் இருந்தால், அவருக்கும் இது வேலையின் ஒரு பகுதிதான். அறுவை முடிந்த மூன்றாம் மாதம் பார்வைப் புலத்தை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் நகலைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.